மெத்தையின் மறுபாதி

காற்றாலைகளில் ஏறி இறக்கைகளைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. அதனால் கூட வேலை செய்பவர்கள் அவனுக்குக் காற்றாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆலைகள் நிற்கும் பொட்டலில் தங்க இடம் கிடைப்பதில்லை என்று பழைய கேரவன் ஒன்றை வாங்கினான். கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் உள்ளேயே இருந்தன. ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள் அவன் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் கையில் எதுவும் ஒரு நூல்கூடக் கோணாது. தைக்கும்போதே, லீவு போட்டுவிட்டு நானும் கொஞ்ச நாள் கூட வரட்டுமா என்று கேட்டாள். ஒரு ஆள் படுக்கவே இடம் பத்தாது என்று அவன் பேச்சை முடித்துவிட்டான்.

மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றதும் கேரவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்தால், ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தாற்போல் ஒரு வாடை. காற்றாடிக்கு விடாத இருமல் வேறு. அவன் அலுவலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே ஏறி, மெத்தையைப் புரட்டினாள். கட்டில் பலகை முழுக்கக் கரும்பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது.

கூரை ஒழுகுகிறதோ என்று பயந்து தெருக்கோடி மெக்கானிக்கை அழைத்து வந்தாள். அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார். மூலைகளை விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் காய்ந்துதான் கிடந்தது. கடைசியாகக் குனிந்து பலகையைப் பார்த்தார்.

"இது மழைத்தண்ணி இல்லம்மா. குளிருக்கு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்திருக்கீங்க. மூச்சும் வேர்வையும் அடியில எறங்கித் தங்கிடும். ஒருத்தர் படுத்தா ஒரு பக்கந்தான் கறுக்கும். நீங்க ரெண்டு பேரு, அதான் ரெண்டு பக்கமும் கறுத்திருக்கு."

அந்தக் கட்டிலில் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. ஆனாலும் அவரிடம் தலையை மட்டும் ஆட்டினாள். வினிகர் தெளித்துத் தேய்க்க வேண்டும், காய்ந்தபின் உப்புத்தாள் போட வேண்டும், மெத்தைக்கு அடியில் காற்று போகச் சட்டம் அடிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

அவர் போனபின் மறுபடி பார்த்தாள். நடுவில் வெளிறிய கோடு. இரு பக்கமும் நீளநீளமாக இரண்டு கறைகள். ஜன்னலோரக் கறை மற்றதைவிட நீளம். அப்படியென்றால் அங்கே படுத்தவள் இவனைவிட உயரம். இவளோ கடையில் மேல்தட்டுப் பெட்டியை எடுக்கவே ஸ்டூல் தேடுகிறவள். கட்டிலுக்கு மேலே இருந்த பெட்டியைத் துழாவியதில் இன்னொரு தலையணை அகப்பட்டது. முகர்ந்து பார்த்தாள். தைல வாடை. சரிதான், உயரமானவள், தலைவலிக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து இவன்தான் நெற்றியில் தடவிவிட்டிருப்பான். தனக்குத் தலைவலி வந்த நாட்களில் இவன் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்ததில்லை என்பது அப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

அழவில்லை. மெத்தையை இழுத்துப்போய்க் குப்பைத்தொட்டியருகில் தள்ளிவிட்டு வந்தாள். வினிகரைத் தெளித்துத் தேய்த்தாள். கணவன் பக்கத்தை மட்டும் தேய்த்தாள். நடுக்கோட்டைத் தாண்டிப் பிரஷ் ஒரு விரல்கூடப் போகவில்லை.

சாயங்காலம் காற்றாடி வந்து எட்டிப் பார்த்தான். பாதிப் பலகை பளிச்சென்று இருந்தது, பாதி கரி பிடித்த சட்டிபோல் இருந்தது.

"ஏன் பாதியோட விட்டுட்ட?"

"மீதியில யாரு படுத்தாங்களோ, அவங்க வந்து தேய்க்கட்டும்."

அவன் முழித்தான். தலையணையை எடுத்து அவன் கையில் திணித்தாள். அதன்பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது, அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினான்.

"நெட்டை படுத்தான்," என்றான்.

நெட்டை, அவன் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிக்கிற கூட்டாளி. டவுன் விடுதி அறையில் மற்றவர்கள் விடிய விடியச் சீட்டாட்டம், தூக்கமில்லை என்று வந்தவன், போகவே இல்லையாம். முதுகுவலிக்குத்தான் தைலமாம்.

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே சூடானது.

"எனக்கு மட்டும் இடமில்லன்னீங்களே?"

அவன் காதைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெட்டையை வரவழைத்து, கையில் பிரஷைக் கொடுத்தாள். கேரவனுக்குள் உடம்பை மூன்றாக மடித்து நுழைந்த அந்த மனிதன் மறுபேச்சில்லாமல் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசினான். அண்ணன் சமையல் பிரமாதமாம். அண்ணன் சொல்கிற கதைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகுமாம். வீட்டில் சாப்பிடும்போது தட்டைத் தவிர எதையும் பார்க்காத மனிதனைப் பற்றித்தான் இவ்வளவும்.

"பாவம் அண்ணி, தெனம் ஏறும்போது அண்ணனுக்கு மொதல்ல கொஞ்ச நேரம் கை நடுங்கும். நீங்க கீழ நின்னு பாத்தா இன்னும் நடுங்குமாம். உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு," என்று பொய் சொன்னாள்.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், தலைமுடியைப் பிடித்திருக்கலாம். இந்த அப்பாவியை என்ன செய்வது? நெட்டைக்குச் சொன்னதில் கால்வாசியைக் கணவன் தனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பொருமலில், டீயைத் தட்டில் பாதி சிந்தியே கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்தது. புது மெத்தை வாங்கி, அடியில் சட்டம் அடித்து, கேரவன் கிளம்பத் தயாரானபோது அவள் தன் பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். காற்றாடி பார்த்தான், வண்டியைக் கிளப்பினான். நெட்டைக்கு டவுனில் வேறு அறை பார்த்துக் கொடுத்தார்கள்.

பொட்டலில் முதல் நாள் காலை. கேரவன் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "ஏறும்போது எனக்கு இன்னும் பயம்தான், தெரியுமா?" என்றான்.

தெரியும் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் சொல்லத் தொடங்கினான். கயிற்றுச் சுருளோடு வந்து நின்ற நெட்டை, நேரமாச்சு என்று கூப்பிட்டான்.

"கொஞ்சம் இருங்க தம்பி, பேசிட்டிருக்கோம்," என்றாள் அவள்.