கை படாத நாணயங்கள்

மூக்கோரத்தில் பெருவிரலை ஒரு தேய்ப்புத் தேய்த்து, முதல் நாணயத்தின் நட்டநடு முகத்தில் வைத்து அழுத்தினாள். ஏதோ ஒரு துறைமுகத்தைத் திறந்ததற்காக வெளியிட்ட காசு. விரலை எடுத்தபோது, கண்ணாடிபோல் மின்னிய பரப்பில் அவளுடைய ரேகை கோடு கோடாக உட்கார்ந்திருந்தது. அடுத்ததை எடுத்தாள்.

கூடத்தில் அவள் புருஷனைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. படுக்கையறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நினைக்கட்டும்.

தச்சர் அவர். ஊருக்கெல்லாம் கட்டிலும் கதவும் செய்தவர், வீட்டு அலமாரிக்கு ஒரு கைப்பிடி வைத்துத்தர வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். இந்தப் பெட்டியை மட்டும் இழைத்து இழைத்துச் செய்தார். உள்ளே நீல வெல்வெட். ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் பதக்கத்துக்கும் அளவெடுத்த வட்டக் குழி.

"தொட்டுடாத. உன் கையில எண்ணெய். ஒரு தடவ விரல் பதிஞ்சா போகவே போகாது. தொடச்சா கீறல் விழும்" என்பார்.

பள்ளிக்கூட உணவகத்தில் சமைக்கிறவள் கையில் எண்ணெய் இல்லாமல் அத்தரா மணக்கும்? அந்தக் கை பொரித்துப் போட்டதைத்தான் வக்கணையாகச் சாப்பிட்டார்.

மருந்துக்கடைக்காரி மட்டும் தொடலாம். அவளிடம் வெள்ளைக் கையுறை இருந்தது. அவளுக்கும் இதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். ஒரே பூதக்கண்ணாடிக்கு மேல் இரண்டு தலைகளும் கவிழ்ந்திருக்கும். "இந்த எழுத்தப் பாத்தீங்களா!" என்பாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பு திங்கட்கிழமைவரை தாங்காது. தப்பாக ஒன்றுமே இல்லை, இவள் வயிற்றெரிச்சலே அதுதான். இருந்திருந்தால் முடியைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். தேநீர்த் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்க" என்று பல்லைக் காட்ட வேண்டியிருந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"பெட்டிய அவங்ககிட்ட குடுத்துடு. உனக்கு எதுக்கு அது?"

சரி என்றாள். அந்த நிலைமையில் இருக்கிறவரிடம் வேறென்ன சொல்வது? கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை, கொடுத்துவிடுவாள். ஆனால் மருந்துக்கடைக்காரி இனி எந்தக் காசை எடுத்துப் பார்த்தாலும் இவள் விரலைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வரிசை முடிந்தது. கை நிற்கவில்லை, ருசி கண்டுவிட்டது. கடைசி வரிசையின் கடைசிக் குழியில் கலங்கரை விளக்கம் பொறித்த வெள்ளி நாணயம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அதில் ஏற்கெனவே ஒரு ரேகை இருந்தது.

குபீரென்று பற்றிக்கொண்டு வந்தது. அவளா? கையுறை போட்ட கைக்கு ரேகை ஏது? உற்றுப் பார்த்தாள். அகலமான விரல். நடுவே கோணலாக ஒரு வெட்டு, ரேகையை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. உளி வழுக்கிய அன்று துணியைக் கிழித்துக் கட்டியவள் இவள்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ரத்தம் சொட்டச் சொட்ட அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்கெல்லாம் தொடாதே என்றவருக்கு ஒரு நாள் ஆசை பொறுக்கவில்லை போலிருக்கிறது. திருடன்.

தன் பெருவிரலை அதன்மேல் கொண்டுபோனாள். வைக்கவில்லை.

"அம்மா, கதவத் தெற. மருந்துக்கடை ஆன்ட்டி வந்திருக்காங்க" என்றாள் மகள் வெளியிலிருந்து.

சால்வையைப் போர்த்திக்கொண்டு, பெட்டியை இடது கையில் இடுக்கியபடி வந்தாள். மருந்துக்கடைக்காரி தலைமாட்டில் நின்றிருந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இன்று கையுறை இல்லை.

"இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"இப்ப எதுக்குக்கா? அப்புறமா..."

அக்காவாம். "இப்பவே வாங்கிக்கங்க."

மருந்துக்கடைக்காரி மூடியைத் திறந்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். இவளும் கண்ணை எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரி மறுபடி பெட்டிக்குள் குனிந்தாள். கடைசிக் குழியில் அவள் பார்வை நின்றது.

"கலங்கரை விளக்கம் இல்லையேக்கா?"

"இல்ல."

"அது கறைபட்ட காசு. நல்லதா மாத்தித் தரேன்னு சொல்லிட்டே இருந்தேன். அதுக்கு மதிப்பே கெடையாது."

"அது எனக்கு இருக்கட்டும்."

மருந்துக்கடைக்காரி சத்தமில்லாமல் பெட்டியை மூடினாள்.

வாசலில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆறுதல் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் இடது கையைத்தான் கொடுத்தாள். வலது கை சால்வைக்குள் இருந்தது. அங்கே இரண்டு விரல்கள் அந்த நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்திருந்தன, முகத்தில் எதுவும் பட்டுவிடாமல்.