இரண்டு ஷிப்டில் ஒரு மாநாடு

என் மனைவி தேவயானிக்கு ஒரு குணம் உண்டு. "இது நடக்காது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றிலிருந்து அவளுக்கும் தூக்கம் கிடையாது, எனக்கும் கிடையாது. அவள் நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். நான் நிலக்கரி மைன்ஸில் பக்கெட் வீல் மெஷின்களுக்குப் பொறுப்பு. மலை மாதிரி நின்று மண்ணைச் சுரண்டும் அந்த மெஷினைக்கூட ஒரு பட்டனில் நிறுத்திவிடலாம். இவளை நிறுத்த எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

2021 ஜனவரி. கொரோனா முதல் அலை ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலையில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"டாக்டர்ங்களுக்கு ஒரு மாநாடு நடத்தப் போறேன். நேர்ல."

"நேர்லயா? கல்யாணத்துக்கே ஆளைக் கூப்பிடப் பயந்துக்கிட்டு இருக்கான் ஒவ்வொருத்தனும். டாக்டர்களைக் கூட்டிவெச்சு, அவங்களுக்கே தொத்திக்கிச்சுன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவ்வளவுதான் பதில். சென்னையிலிருந்து அவளுடைய சங்கத்துப் பெரியவர்கள் போன் செய்து, "எதுக்கும்மா வம்பு, ஆன்லைன்ல வெச்சுக்கோ" என்றார்கள். ஆன்லைன் கூட்டங்கள் அந்த வருஷம் ஏராளமாக நடந்தன. இவளே சிலவற்றில் பேசியிருக்கிறாள். உயிர் போகும் நோயாளிக்கு எப்படி மூச்சுக் கொடுப்பது என்று இவள் விளக்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு டாக்டர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொருவர் காய்கறிக்காரரிடம் பேரம் பேசினார். அதற்காக அவள் கோபப்படவில்லை. அவள் கோபம் வேறு.

முந்தைய ஆகஸ்டில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கூடவே வந்த இளம் டாக்டர், நோயாளியின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, காற்றுப் பையை வழியெல்லாம் அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். மாஸ்க் முகத்தில் படியவேயில்லை. வந்து சேரும்போது நோயாளி உயிரோடு இல்லை. அந்த டாக்டர் பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

"காத்து பூரா பக்கவாட்டுல போயிருக்குங்க" என்றாள் தேவயானி. "அவ மேல தப்பே இல்ல. அந்தப் பிடியை யாரும் அவளுக்குக் கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுக்கல. கம்ப்யூட்டர்ல பார்த்தா கைக்கு எப்படி வரும்?"

டவுன்ஷிப் ஹாலைக் கேட்டு அன்றைக்கே நான் போன் போட்டேன்.

அனுமதி வாங்குவதற்குள் அவள் செருப்பு தேய்ந்துவிட்டது. கடைசியில் மாவட்டச் சுகாதார அதிகாரி குமரவேல் ஒப்புக்கொண்டார். சிரிக்கவே தெரியாத மனிதர், ஆனால் நேர்மையானவர். ஹாலுக்குள் ஐம்பது பேருக்கு மேல் கூடாது. இரண்டு பேட்ச் என்றால் ஒரு பேட்ச் வெளியேறி, ஹாலைத் துடைத்த பிறகுதான் அடுத்த பேட்ச் வர வேண்டும். இரண்டும் கலந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காலை பேட்ச் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலத்து நர்சிங் ஹோம் டாக்டர்கள். மதிய பேட்ச் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் டாக்டர்கள். ஞாயிறானாலும் காலையில் அவர்களுக்கு ஓ.பி. இருக்கும். தேவயானி இந்தப் பாடுபட்டதெல்லாம் அந்த மதிய பேட்ச்சுக்காகத்தான். காலையில் வருகிறவர்கள் வேறு எங்காவது போய்க் கற்றுக்கொள்வார்கள். மதியத்துக்காரர்களுக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை.

பஸ், சாப்பாடு, வாசலில் காய்ச்சல் பார்ப்பது, கை கழுவ வைப்பது எல்லாவற்றுக்கும் என் ஆட்கள் வந்தார்கள். மைன்ஸில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளை இவளுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி வேலுமணி. காடாம்புலியூர்க்காரர், பெர்மனென்ட் ஆபரேட்டர், சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தேவயானி அவர்களை நிற்க வைத்து ஒரே வரியில் சொன்னாள்.

"அண்ணே, மைன்ஸ்ல ஷிப்ட் எப்படி மாத்துவீங்களோ, அச்சு அசலா அப்படியே நடத்திக் கொடுங்க. அது போதும்."

"அத எங்க கையில வுட்டுடுங்க மேடம்" என்றார் வேலுமணி. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கும்தான் நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்திரி பூத்து, காற்றில் அந்த வாசனை டவுன்ஷிப் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. காலை பேட்ச் அருமையாகப் போனது. மேஜைக்கு ஒரு ரப்பர் பொம்மை, ஆளுக்கு ஒரு மாஸ்க், காற்றுப் பை. பொம்மைக்கு மூச்சு சரியாகப் போனால் மார்பு உயரும். தேவயானி மேஜை மேஜையாகப் போய், விரலை இங்கே வை, தாடையைத் தூக்கு, அழுத்தாதே தூக்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் பெரியவர்கள். பண்ருட்டி டாக்டர் அறிவழகன் முப்பது வருஷ சர்ஜன். அவருக்கு விரல் மூட்டு வலி. ஒரு கையால் மாஸ்க், மறு கையால் பை என்ற பிடி நிற்கவே இல்லை. மனிதர் விடவில்லை. மாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து, பையை அமுக்கப் பக்கத்து மேஜை டாக்டரைக் கூப்பிட்டு, பொம்மையின் மார்பை உயர வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

மதிய பேட்ச்சை ஏற்றிவர நான் பஸ்ஸோடு பண்ருட்டிக்குப் போனேன். திரும்பி ஹால் வாசலில் பஸ் நின்றதும் குதித்து இறங்கினேன். காலை பேட்ச்சின் பஸ் காலியாக நின்றுகொண்டிருந்தது. எஞ்சின்கூட ஓடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் காலை டாக்டர்கள் அத்தனை பேரும் சாப்பாட்டுப் பொட்டலத்தை முடித்துவிட்டு, நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு வேலுமணி.

"யோவ் வேலுமணி! இவங்க ஏன்யா இன்னும் கிளம்பல?"

"இப்பத்தான சார் ரிலீவர் வந்துகினு இருக்காங்க. இனிமே எறக்கி வுட்டுடலாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மைன்ஸில் இது எழுதாத சட்டம் இல்லை, எழுதிய சட்டமே. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, நேருக்கு நேர் நின்று, எந்த பேரிங் சூடாகிறது, எந்த பெல்ட் இழுக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் இருக்கிற ஆள் சீட்டை விட்டு இறங்கலாம். மழை கொட்டினாலும் சரி, வீட்டில் கல்யாணமே நடந்தாலும் சரி. இருபது வருஷமாக இதையே செய்த மனிதரிடம் மைன்ஸ் மாதிரியே நடத்து என்று சொன்னால் வேறு என்ன செய்வார்? டாக்டர்களோ, இது ஏதோ கொரோனா விதி போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அது மெஷின்யா! இவங்க மனுஷங்கய்யா!" என்று கத்தினேன்.

"மெஷினுக்கே அப்பிடின்னா, மனுசன் உசுரு சமாசாரத்துல எப்பிடி சார் அப்பிடியே வுட்டுட்டுப் போறது?" என்றார், கொஞ்சமும் அசராமல்.

அந்தச் சமயம் பார்த்து குமரவேலின் ஜீப் உள்ளே நுழைந்தது.

அவர் இரண்டு பஸ்ஸையும் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின் அறையில் பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்த தேவயானி சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"மேடம், ரெண்டு பேட்ச்சும் ஒரே இடத்துல இருக்கு. நான் கொடுத்த அனுமதி இது இல்ல. மதியம் வந்தவங்களைத் திருப்பி அனுப்பிடுங்க."

பஸ் ஜன்னல்களில் கிராமத்து டாக்டர்களின் முகங்கள் தெரிந்தன. எல்லாம் இளம் பிள்ளைகள். ஓ.பி.யை முடித்துவிட்டு அப்படியே ஏறி வந்தவர்கள். தேவயானி அவர்களைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. என்னைத் திட்டப் போகிறாள், இல்லை வேலுமணியைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேலுமணியிடம் போய், "ரிலீவர் வந்தா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டாள்.

"பொறுப்ப சொல்லிக் குடுத்துட்டுப் போவோம் மேடம். ஒருத்தருக்கு ஒருத்தர்."

அவள் குமரவேல் பக்கம் திரும்பினாள்.

"சார், தப்பு எங்க மேலதான். சாக்கு சொல்லல. ஹாலுக்குள்ள ஒருத்தரும் கலக்கல, நீங்களே பார்த்தீங்க. இப்ப இவங்க யாரும் உள்ள போக வேணாம். இந்த மைதானத்துல, மரத்தடியில, காத்தோட்டமா நிக்கட்டும். ஒருத்தருக்கு ஒருத்தர், ரெண்டு ஆள் தூரத்துல. பொம்மையைத் தொடறது மதியம் வந்தவங்க மட்டும். காலையில கத்துக்கிட்டவங்க தள்ளி நின்னு வாயால சொல்லட்டும். அப்புறம் அவங்க பஸ் கிளம்பும், ஹாலைத் துடைப்போம், இவங்க உள்ள வருவாங்க. நீங்க இங்கயே நின்னு பாருங்க. ஒருத்தர் ஒரு அடி கிட்டப் போனாலும் நீங்க நிறுத்துங்க, நானே எல்லாரையும் பஸ்ல ஏத்தி அனுப்பறேன்."

குமரவேல் மரத்தடியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "நிப்பேன்" என்றார். நின்றார், குச்சி மாதிரி, வெயிலிலேயே.

அன்று அந்த மரத்தடியில் நடந்ததை தேவயானிகூட எதிர்பார்க்கவில்லை. தலை நரைத்த சர்ஜன்களும் நர்சிங் ஹோம் முதலாளிகளும், நேற்று படிப்பை முடித்த பிள்ளைகளிடம் ஷிப்ட் ஒப்படைத்தார்கள். காலையில் எந்த இடத்தில் தாங்கள் தடுமாறினோம் என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அதைத்தான் முதலில் சொன்னார்கள். நிபுணருக்கு அது ஞாபகம் இருக்காது என்று பிற்பாடு தேவயானியே சொன்னாள். அறிவழகனுக்கு ரிலீவராக வந்தவள் நந்தினி, காடாம்புலியூர் பக்கத்து டாக்டர். பார்க்க ப்ளஸ் டூ மாணவி மாதிரி இருந்தாள்.

"ஒரு கையில வரல சார். என் கை சின்னது" என்றாள்.

"எனக்கும் வரலம்மா, என் கை கெழம். ரெண்டு கையாலயும் புடி. ரெண்டு கட்டை விரலும் மாஸ்க் மேல, மத்த விரலால தாடையத் தூக்கு. பைய அமுக்க டிரைவரக் கூப்பிடு, ஆயாவக் கூப்பிடு, எவர் கெடச்சாலும் கூப்பிடு. கூச்சப்படாத."

பொம்மையின் மார்பு உயர்ந்தது. கிழவர் மாஸ்க்குக்குள்ளேயே கத்தினார், கைதட்டினார். குமரவேல் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். காலை பஸ் கிளம்பியதும் தானே ஹாலுக்குள் போய், நாற்காலிகளைத் துடைத்துவிட்டார்களா என்று விரலை வைத்துப் பார்த்தார். "உள்ள வரச் சொல்லுங்க" என்றார். மாநாடு சாயங்காலம் வரை நடந்தது.

அடுத்த இரண்டு வாரம் தேவயானி சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் வந்தவர்கள் எல்லோருக்கும் போன். இருமலா, காய்ச்சலா, வாசனை தெரிகிறதா என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். ஒருவருக்கும் வரவில்லை. கடைசி நாள் போனை வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள்.

பிறகு மே மாதம் வந்தது. இரண்டாம் அலை எங்களை என்ன செய்தது என்று நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தேவயானி வீட்டுக்கே வரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கிவிட்டாள். மத்தியானம் நான் டிபன் கேரியரை கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்குமாக நாலு வார்த்தை. அதுதான் எங்கள் குடித்தனம்.

ஒரு நாள் கேரியரை எடுக்காமலே நின்றாள். முகத்தில் மாஸ்க்கின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"காடாம்புலியூர்ல இருந்து ஒரு கேஸ் வந்துச்சுங்க" என்று இரைந்து சொன்னாள். "கான்ட்ராக்ட் தொழிலாளி. சின்ன வயசு. ஆம்புலன்ஸ் கதவைத் திறக்கறேன், அந்த நந்தினி தலைமாட்டுல முட்டி போட்டுக்கிட்டு இருக்கா. ரெண்டு கையும் முகத்துல. பையை அமுக்கறது யாருன்னு நினைக்கறீங்க? அந்த ஆளோட பொண்டாட்டி. இவ சொல்லச் சொல்ல அமுக்கிட்டே வந்திருக்கு. மாஸ்க் ஒரு இம்மிகூட நகரல."

"ஆளு?"

"இருக்காருங்க! உயிரோட இருக்காரு. பொழைச்சுக்குவாரு."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் காற்றில் நீட்டி, கட்டை விரல்களை அழுத்தி, அந்தப் பிடியைக் காட்டினாள்.

"இது நான் சொல்லிக் கொடுத்த பிடியே இல்லைங்க. எனக்கு இது இவ்வளவு நல்லா வராது. அறிவழகன் சார் அவளுக்குக் கொடுத்தது, அவ இன்னிக்கு அந்தப் பொண்டாட்டி கையில பையைக் கொடுத்திருக்கா. நான் இல்லாமலே நடக்குதுங்க!"

சிரித்தாள், அழுதாள். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நான் கேலி செய்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், சாம்பாரில் உப்பில்லை என்றிருக்கிறேன். மனசில் இருந்ததை ஒரு நாளும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நம் ஆம்பளைகளுக்கு அது என்னவோ வராது. கிட்டப் போய்க் காதில் சொல்லவும் அன்று வழியில்லை. நடுவில் ரோடு. கம்பெனி பஸ் ஒன்று பி ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"தேவயானி! உன்னை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் கேட்டுப் பக்கத்து வெயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்கலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். நான் இன்னொரு தடவை சொன்னேன்.