நிர்மலனின் பனிக்காலணி

பனியில் நடக்க மலேசியாவில் எங்கே போய்ப் பழகுவது? நாங்கள் கிள்ளானில் இருக்கும் பாலனின் மீன் கிடங்குக்குப் போவோம்.

பாலன் உறைந்த மீன் மொத்த வியாபாரி. என் கணவர் நிர்மலனுக்கு மலையேற்றத் தோழன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நாங்கள் மூவரும் குளிர் உடுப்பை மாட்டிக்கொண்டு, அவனுடைய குளிர் அறையில் மீன் பெட்டிகளுக்கு நடுவே பல் கிட்டும்வரை முன்னும் பின்னும் நடப்போம். எந்தக் கையுறை ஏமாற்றும், எந்தச் சட்டைக்குள் குளிர் புகும் என்று அங்கேயே தெரிந்துவிடும். வெளியே வந்தால் வெயிலில் மூக்குக்கண்ணாடி மங்கி ஒன்றும் தெரியாது. நிர்மலன் அப்படியே கண் தெரியாமல் நின்று தே தாரேக் கேட்பார். அந்தத் தேநீரின் ருசி எனக்கு இன்றும் நாக்கில் இருக்கிறது.

கால் பழகுவதற்குப் பத்துமலை முருகன் கோயில். மாதம் தவறாமல் பெரிய பனிக்காலணியோடு படியேறுவோம். பூக்காரம்மா எங்களைக் கண்டதும், "அண்ணே, ஸ்னோ இன்னும் வரலையே லா!" என்று கத்துவார். நிர்மலன் மேலே காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாமி கும்பிடப் போவார். அந்தக் கனத்தைத் திருடித் தூக்கிக்கொண்டு இறங்க எந்தத் திருடனுக்குத் தெம்பு இருக்கும்?

அவர் போய் மூன்று வருடம். எத்தனையோ மலை ஏறிய மனிதர், பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடி மாரடைப்பில் போனார். அந்தச் சோபாவின் மேல் எனக்கு இன்னும் கோபம்.

கடைசியாக நேபாளம் போனபோது ஏறப்போன கணவாயை நாங்கள் தொடவில்லை. வழியில் கடைசித் தங்குமிடமான மேல் குடிலைத் தாண்டியதும் பனி முழங்காலுக்கு மேல் கிடந்தது. முன்னால் யாரும் நடந்த தடம் இல்லை. நிர்மலன் கைத்தடியைக் குத்திப் பார்த்துவிட்டு, "திரும்பிடலாம் வசு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை வரவே இல்லை. அவருடைய காலணியாவது அந்தக் கணவாயைத் தாண்ட வேண்டும் என்று இந்த டிசம்பருக்கு டிக்கெட் போட்டேன். இரண்டு காலுறை மாட்டினால் அது என் காலுக்குச் சரியாக இருக்கும்.

நேபாள வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது. இந்த முறை பனி சீக்கிரமே இறங்கிவிட்டதாம். மேல் குடிலில் ஆள் இல்லையாம். அதற்கு அப்பால் காலணியில் இரும்புப் பல் பூட்டாமல் ஓர் அடி வைக்க முடியாதாம். பாலனிடம் சொன்னேன். "முதல்ல கோல்ட் ரூமுக்கு வாங்கக்கா. அண்ணே இருந்தா டெஸ்ட் பண்ணாம விடுவாரா?" என்றான்.

காலணியை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? நம் ஊர் ஈரத்தில் தோல்பை எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறதே என்று, துடைத்து, உலர்த்தி, பிளாஸ்டிக்கில் சுற்றி, டேப் ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில். அதற்குப் பிறகு தொடவே இல்லை. பிரித்தபோது புதிதுபோல இருந்தது. அவர் பழக்கப்படி சிவப்பு நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் நுழைந்தேன். பாலன் பின்னால் வந்தான். பழையபடி மூன்று பேர் நடப்பதுபோல இருந்தது. மனசு நிறைந்துபோயிற்று.

திரும்பி நடக்கும்போது இடது பாதத்தில் சுரீரென்று குளிர் ஏறியது. காலைத் தூக்கினேன். காலணி வந்தது. அதன் அடிப்பாகம் தரையிலேயே கிடந்தது. வலது காலிலும் பாதி தொங்கியது.

பாலன் குனிந்து அதை எடுத்தான். அவன் விரலில் அது ரொட்டித் தூள்போல உதிர்ந்தது.

"பிளாஸ்டிக்ல சுத்தி வெச்சிருந்தீங்களா?"

"பூஞ்சணம் பிடிக்கும்னு..."

"நம்ம ஊரு சூட்டுல மூடி வெச்சா அடி மக்கிப் போயிடும்க்கா. இது நடந்துக்கிட்டே இருக்கணும். எனக்கும் ஒரு ஜோடி இப்படித்தான் போச்சு."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க வெச்சிருக்கீங்கன்னே எனக்குத் தெரியாதே."

மீன் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். பத்திரமாக வைக்கிறேன் என்று நானே அவரைக் கெடுத்துவிட்டதுபோல இருந்தது. பாலன் உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கினான். பிறகு, "மேல் குடிலுக்கு அந்தப் பக்கம் இது கழண்டிருந்தா?" என்றான். அந்தத் தடமில்லாத பனி எனக்குக் கண்முன் வந்தது.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாமா அக்கா?"

முடிச்சு விறைத்திருந்தது. அவன் கத்தியை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மரத்த விரல்களால் அவிழ்த்து, சிவப்பு நாடாக்களை ஒவ்வொரு துளையாக உருவி எடுத்தேன். கையில் சுற்றிக்கொண்டேன்.

"வேணாம். நாளைக்குக் கடைக்குப் போறோம். நீயும் வா. நாடா என்கிட்ட இருக்கு, ஷூ மட்டும் வாங்கணும்."

"அண்ணே சைஸா?"

"இல்லடா," என்றேன். "என் சைஸ்."