ஓடுதளத்தில் ஒரு பூசணிக்காய்

மஞ்சள் விமானத்தின் முன் இருக்கை காலியாக இருப்பதைக் கோவர்த்தனன் மூன்று தரம் பார்த்துவிட்டார். இத்தனை நாளும் அங்கே உமாபதி வாத்தியார் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு அவர் தரையில் நிற்கிறார். பின் இருக்கையில் மகள் தாட்சாயணி மட்டும். வரதய்யபாளையத்தில் மாட்டுக் கயிறு பிடிக்கவே பயந்த பெண், சாமி, தன்னந்தனியாக ஆகாசத்துக்குப் போகிறாள்!

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் மண்ணடித்துச் சமப்படுத்திவிட்டுப் போன ஓடுதளம் அது. ஒரு சுற்று சுற்றி ஒழுங்காக இறக்கினால் லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்புவேன், இல்லையென்றால் வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று வாத்தியார் கறாராகச் சொல்லியிருந்தார். வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பது வேலியோரம் நின்ற எத்திராஜுக்குத் தெரியும். கோவர்த்தனனின் தங்கை புருஷன். தன் மகனுக்குத் தாட்சாயணியைக் கட்டிவைக்க ஆவணியில் நாளே பார்த்துவிட்டார். கோவர்த்தனனும் வீறாப்பாக வாயை விட்டிருந்தார்: "இன்னிக்கு அவ சரியா எறக்கலன்னா, ஆவணியிலயே கட்டிக்கினு போ."

விமானம் எழும்பியது. எத்திராஜ் சிரித்தார். "மச்சான், நம்ம ஊரு மெட்ராஸா ஆந்திராவான்னே இன்னும் பேசிக்கினு கீறாங்க. உம் பொண்ணு எந்த ஸ்டேட்ல ஏறுது, எந்த ஸ்டேட்ல எறங்குது?"

கோவர்த்தனன் கையிலிருந்த பையைத் தடவிப் பார்த்தார். ஊர்க்கண் பூராவும் அவள் மேல்தான் என்ற நினைப்பு அவரைக் குடைந்தது. புது மோட்டார் பம்புக்கே திருஷ்டி கழிக்கிறோம், பெற்ற பெண்ணுக்குக் கழிக்க வேண்டாமா? பையில் பூசணிக்காய் தயாராக இருந்தது. பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்பு கூடாது என்று வாத்தியார் முன்பே கண்டித்திருந்ததால், கற்பூரத்தை மட்டும் விட்டுவிட்டு உள்ளே குங்குமம் நிரப்பியிருந்தார். எங்கே உடைப்பது? அவள் வந்து கால் வைக்கிற இடத்தில்தானே. சக்கரம் தரை தொடும் இடத்தை மாசக்கணக்காகப் பார்த்து வைத்திருந்தார், சுண்ணாம்பு அடித்த கல்லுக்கு நேரே. வாத்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் விடுவிடுவென்று நடந்து போனார். பூசணிக்காயை விமானத்தை நோக்கி மூன்று சுற்று சுற்றி ஓங்கிப் போட்டார்.

தளம் முழுக்கச் சிவப்புச் சில்லுகள் சிதறின. நிமிர்ந்தால் எதிரே விமானம், பனைமர உயரத்தில்.

"எவருய்யா அது! படுய்யா கீழ!" வாத்தியார் அலறினார்.

கோவர்த்தனன் நின்ற இடத்திலேயே நின்றார். அடப்பாவி, என் பெண்ணை நானே கொன்றுவிட்டேனே! அந்தக் கணத்தில் எஞ்சின் உறுமியது. சக்கரங்கள் தலைக்கு மேலே போயின. தலைப்பாகை பறந்தது. விமானம் மறுபடி வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"அவ்ளோதான் மச்சான், எறக்கத் தெரியல" என்று வேலியோரத்திலிருந்து குரல் வந்தது.

ஓடிவந்த வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார் கோவர்த்தனன். "தப்பு எம்மேல சார். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

வாத்தியார் அவரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்த முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏத்தவும் எறக்கவும்தான்யா கத்துக் குடுத்தேன். எறங்கறப்ப ஆளு குறுக்க வந்தா இன்னா செய்யணும்னு இன்னும் சொல்லவே இல்ல. அவளே யோசிச்சு ஏத்திட்டாய்யா!" பிறகுதான் கோபம் வந்தது. "நின்னுக்கினு கீறியே, பொறுக்குய்யா! மறுபடி வரா!"

கோவர்த்தனன் மண்டி போட்டார். வேட்டியை மடி கட்டிச் சில்லுகளை அள்ளினார். பக்கத்தில் இன்னொரு கை மண்ணைத் துழாவியது. எத்திராஜ்! மூச்சு வாங்க ஓடிவந்து, விதைகளைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உனுக்கு இன்னாடா வேல இங்க?"

"சும்மா கெட மச்சான். கொழந்த எறங்கணும்ல."

மூவரும் ஓரத்துக்கு ஓடினார்கள். விமானம் சுண்ணாம்புக் கல்லுக்கு நேரே தாழ்ந்து, குங்குமக் கறையின் மேலேயே சக்கரம் வைத்து, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓடி நின்றது. வாத்தியார் கை தட்டினார். எத்திராஜ் துண்டைச் சுழற்றினார்.

தாட்சாயணி குதித்து இறங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நடந்து வந்தாள். "நைனா, மடியில இன்னா?"

கோவர்த்தனன் மடியைக் குனிந்து பார்த்தார். கண்ணீர் தாடி வழியாக ஒழுகியது. துடைக்கக் கையை எடுத்தால் மடி அவிழ்ந்து சில்லெல்லாம் தளத்தில் கொட்டிவிடும். அவர் இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விமானத்தின் சிவந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.