மதன்குமார் குடிக்கும் கடலைப்பால்

கேப்சூலைப் பிரிக்கப் பிரவீனாவுக்கு இப்போதெல்லாம் நொடிகூட ஆவதில்லை. இரண்டு நுனியையும் பிடித்து லேசாகத் திருகினால் போதும், உள்ளே இருக்கிற சிவப்புப் பொடி புருஷனின் டம்ளருக்குள் விழுந்துவிடும். மேலே பீட்ரூட் போட்டு அரைத்த கடலைப்பாலை ஊற்றிக் கலக்கிவிட்டால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. வெறும் கூட்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுவாள். அந்தக் கூடு மாட்டெலும்பிலிருந்து செய்வதாம். அதை ஒரு நாளும் அவன் வயிற்றுக்குள் விட்டதில்லை என்பதுதான் இந்தப் பத்து மாதமாக அவளுக்கிருந்த ஒரே சமாதானம்.

மதன்குமார் கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் நடத்துகிறவன். நாற்பது வயது. விடிவதற்குள் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்துதான் குடோன் கதவைத் திறப்பான். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தியூர் மாட்டுச்சந்தைக்குப் போனவன், ஒரு பசுவை வண்டியில் ஏற்றும்போது கீழே நின்று கத்திய கன்றைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் காப்பியைத் தள்ளி வைத்தான். தயிர், நெய், முட்டை, கறி எல்லாம் அந்த வாரமே போயிற்று. ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று ஓடிக்கொண்டே இருந்தான். பிரவீனாவுக்கு அப்போது அவன்மேல் கொள்ளைப் பெருமை.

அவன் அம்மா ராசாத்தாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்த மகன் தட்டில் பருப்போடு நெய்யைக் கலந்துவிட்டாள். முதல் கவளத்திலேயே அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஓடற ஒடம்பு கண்ணு, ஒரு கரண்டி நெய்யாச்சும் உள்ள போவட்டும்னு ஊத்திப்போட்டேன்.”

மதன்குமார் தட்டை நகர்த்தினான். கையைக் கழுவினான், எழுந்து வந்துவிட்டான். அதோடு சரி. இரண்டு வருடமாகப் பெற்ற தாயின் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தீபாவளிக்குக்கூட வாசலில் நின்று துணியைக் கொடுத்துவிட்டு வருகிறான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலையே! “சோத்துல பொய் சொன்னவங்க கையில அப்பறம் எப்பிடி அம்மணி திங்கறது?” என்று பிரவீனாவிடம் ஒரே ஒரு தரம் கேட்டான், அவ்வளவுதான்.

போன வைகாசியில் ஓட்டம் முடிந்து வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் முழுக்க ரத்தம். ஒரு வேலமுள் அடியைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. அதோடு ஆறு கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறான், மனுசனுக்குத் தெரியவே இல்லை! கோயமுத்தூர் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பி12 சத்து சுத்தமாக இல்லை என்றார். பாலும் முட்டையும் விட்டவர்கள் அதை மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்தே ஆக வேண்டும், நரம்பு கெட்டு முற்றிவிட்டால் மீட்பது கஷ்டம் என்றார். வீட்டுக்கு வந்து டாக்டர் கொடுத்த கேப்சூல் அட்டையைப் படித்தவன், கூடு எதில் செய்தது என்று தெரிந்ததும் எடுத்துக் குப்பையில் வீசினான். கூடில்லாத மாத்திரையும் கடையில் உண்டு. ஆனால் அதற்குள் அவன் நாலு பேர் முன்னால் வாயை விட்டிருந்தான்: “சாப்பாட்டுலயே சரி பண்ணிக் காட்டறேன், பாருங்க.”

அன்று குப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தவள் பிரவீனா.

ஐந்து மாதத்தில் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பியது. குளியலறையில் தண்ணீர் சுடுகிறது என்று அவன் கத்தியபோது பிரவீனா சாமி அலமாரி முன்னால் நின்று அழுதாள். வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கடலைப்பால், பழைய சோற்றுத் தண்ணீர், ராகிக்களி, இது போதும், மாத்திரையே வேண்டாம், நானே சாட்சி என்று மதன்குமார் போனில் வீடியோ போட ஆரம்பித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கூப்பிட்டு, தாங்களும் மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஞாயிறுதோறும் கூட ஓடுகிற இருபத்திரண்டு பேரும் வீட்டு வாசலில் நின்று அவள் கையால் கடலைப்பால் வாங்கிக் குடித்தார்கள். எல்லோருக்கும் பெரிய குண்டாவிலிருந்து. அவனுக்கு மட்டும் தனி டம்ளர்.

அந்த இருபத்திரண்டில் ஒருத்தி வர்ஷினி. பக்கத்து வீதிப் பெண், காலேஜில் இரண்டாம் வருடம், யுனிவர்சிட்டி அணிக்காக ஓடுகிறவள். மதன்குமாரைப் பார்த்து அவளும் ஒன்றரை வருடமாகப் பால், முட்டை, கறி எதையும் தொடுவதில்லை. போன ஞாயிறு அவள் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது.

“என்னாச்சு கண்ணு?” என்றாள் பிரவீனா.

“ஒண்ணுமில்லீங்க்கா. வெரலெல்லாம் மரத்து மரத்துப் போவுது. கரண்ட் போனா மாடிப்படி எங்க இருக்குதுன்னு காலுக்கே தெரிய மாட்டீங்குது.”

பிரவீனா அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். “மாத்திரை போடறயா?”

“மொதல்ல போட்டுட்டு இருந்தனுங்க்கா. அண்ணன் வீடியோ பார்த்துத்தான் நிறுத்தினேன். நாலு மாசமாச்சு.”

“எனக்காகப் போடு சாமி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.”

“அண்ணனுக்குச் சரியானது எனக்கு ஆகாதுங்களாக்கா?” என்று சிரித்தாள் அந்தப் பெண்.

வாரம் முழுக்கப் பிரவீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நாலு தரம் அவன் முன்னால் போய் நின்றாள். நாலு தரமும் ராசாத்தாளின் வாசலில் துணிப்பையோடு நிற்கிற அவன் முகம் கண்ணுக்கு வந்தது, திரும்பிவிட்டாள். சனிக்கிழமை, தன்னைத் தெரியாத ஒரு கடையில் போய் அட்டை அட்டையாக வாங்கி வந்தாள். இன்று விடிகாலையில் இருபத்திரண்டு கேப்சூலையும் திருகிக் குண்டாவில் கொட்டினாள். கொட்டி முடித்த பிறகுதான், ஈரோட்டுக்காரர்கள் குண்டாவில் யார் கொட்டுவது என்று தோன்றியது. வெறும் கூடுகளை அள்ளிக் காகிதத்தில் சுற்றினாள்.

ஏழு மணிக்கு ஓட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வர்ஷினிதான் கடைசி. எப்போதும் முதலில் வருகிறவள், இன்று கால்களை அகட்டி வைத்து, தரையைப் பார்த்துப் பார்த்து வந்தாள். கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டார்கள்.

மதன்குமார் குண்டாவுக்கு எதிரே ஸ்டாண்டை விரித்துப் போனைப் பொருத்தினான். “எங்கூட்டு அம்மணி கைப்பக்குவந்தானுங்க எல்லாமே,” என்றான் போனைப் பார்த்து. பிறகு அவள் பக்கம் திரும்பினான். “இன்னைக்கு நீயே சொல்லிப்போடு அம்மணி. என்னென்ன போடறே? ஒண்ணுவிடாமச் சொல்லு. எல்லாரும் அவங்கவங்க ஊட்டுல செய்யோணுமில்ல.”

அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கள்ளமே இல்லாத மனுசன். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“பச்சைக்கடலை ஒரு டம்ளருங்க,” என்று ஆரம்பித்தாள். “முந்தின நாளே ஊறப் போட்டரோணும். பீட்ரூட் பாதி. பேரீச்சம்பழம் நாலு. உப்பு ஒரு சிட்டிகை.”

“அப்பறம்?”

அவள் கரண்டியை எடுத்துக் குண்டாவைக் கலக்கினாள்.

“அப்பறம் என்ன அம்மணி, சொல்லு.”

போனுக்குப் பின்னால், கூட்டத்தின் ஓரத்தில் வர்ஷினி நின்றிருந்தாள். அக்கா வீடியோவில் பேசுகிற சந்தோஷத்தில் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. கடலைப்பால் மணிக்கட்டில் வழிந்து, முழங்கையில் இறங்கி, சொட்டுச் சொட்டாக வாசலில் விழுந்தது. வர்ஷினி சிரித்துக்கொண்டே நின்றாள்.