நேற்று வடித்த சோறு

கழிப்பறைச் சுவரில் பதித்திருந்த கைப்பிடியைப் பிரகதீஸ்வரி இரண்டு கையாலும் பற்றி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அப்போதும் அசையவில்லை. அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

சமூகநலத் துறையில் விரிவாக்க அலுவலர் அவள். வட்டாரத்தில் இருக்கும் முதியோர் இல்லங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், வயதானவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் எழுதுவதை வைத்துத்தான் இல்லத்தின் பதிவைப் புதுப்பிப்பார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மனம் நிறைந்து டீ குடித்துவிட்டு வருகிறவள்தான். இங்கே மட்டும் ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க வயிறு எரிந்தது. மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், சுத்தம். மருந்துப் பெட்டியைத் திறந்து காலாவதி தேதி பார்த்தாள், ஒன்றுகூடச் சிக்கவில்லை. பின்னாலேயே வந்த துரைராசு, தன் நெல் குடோனை இடித்துக் கட்டி இந்த இல்லத்தை நடத்துகிறவர், நம்ம மேடம் வந்திருக்காங்க என்ற தைரியத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். பாவம், மேடத்தின் மனதில் இருப்பது அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். பிரகதீஸ்வரியின் அம்மா ஞானாம்பாள் இந்த இல்லத்தில்தான் இருந்தாள். யாரும் கொண்டுவந்து விடவில்லை. மகள் கும்பகோணத்தில் மாடி வீடு கட்டி, அம்மாவுக்கென்று தனி அறையும் ஒதுக்கி வைத்திருக்க, போன தை மாதம் அவளாகவே துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு திருவிடைமருதூர் பஸ் ஏறி வந்துவிட்டாள். ஊரில் இருக்கிற முதியவர்களையெல்லாம் காபந்து பண்ணுகிற அதிகாரிக்குப் பெற்ற தாயைக் காபந்து பண்ணத் தெரியவில்லையாம் என்று உறவுக்காரர்கள் வாயாரப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அதைக்கூடச் செரித்துவிடலாம். வந்த இடத்தில் அம்மா கன்னத்தில் சதை போட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு திரிவதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

வீட்டில் என்ன குறை வைத்தாள்? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை, காலையில் ஓட்ஸ் கஞ்சி, வழுக்காத செருப்பு. கூடத்தில் கேமராகூட மாட்டியிருந்தாள். அலுவலகத்தில் இருந்தபடியே போனில் பார்ப்பாள், அம்மா மாத்திரை போடாவிட்டால் கேமரா வழியாகவே குரல் கொடுப்பாள். சுவரிலிருந்து மகளின் குரல் வரும்போதெல்லாம் அம்மா திடுக்கிட்டு நிமிர்வாள். பிறகு ஒருநாள் கேமராமேல் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். அடுத்த வாரம் ஆளே இல்லை.

சொந்தத் தாய் இருக்கும் இல்லத்தைத் தானே ஆய்வு செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். அதற்காகவேதான் சொல்லவில்லை.

சமையலறையிலும் குறை அகப்படவில்லை. இட்லி வெந்துகொண்டிருந்தது, பாத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. பின்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் அம்மாவின் சிரிப்பைத் தனியாகப் பிரித்தெடுக்க அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. கேட்டு அவ்வளவு காலமாகியிருந்தது.

பின்கட்டில் வாய்க்காலைப் பார்த்தாற்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நடவிலும் அறுப்பிலும் முதுகு வளைந்தவர்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் பழையது. நடுவில் செவ்வந்தி மண்சட்டியை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். பராமரிப்புக்கு இருக்கிற பெண், பிரகதீஸ்வரியைவிட ஐந்தாறு வயது இளையவள், வாய் ஓயாதவள். சின்ன வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்து நசுக்கி ஒவ்வொருவர் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆயி, இன்னும் ஒரு கை வையி.” அம்மாவின் குரல்.

“என்னம்மா?” என்றாள் பிரகதீஸ்வரி. காலும் ஓரடி முன்னால் போய்விட்டது.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஞானாம்பாளும் பார்த்தாள். “உன்ன இல்லம்மா, இவள” என்றாள் சாதாரணமாக.

பிரகதீஸ்வரிக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஆயி என்பது அவள் பெயர். சான்றிதழில் இருப்பது வேறு. அம்மா வாயில் அவளுக்கு அதுதான் பெயர். வயல்வேலை முடிந்து வாய்க்கால் மதகடியில் வரும்போதே ஆயீ என்று அம்மா ஒரு குரல் கொடுத்தால் தெருவே கேட்கும். வேலைக்குப் போனபிறகு அது எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. நின்றுபோய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். நிற்கவில்லை. தூக்கி இவளுக்குக் கொடுத்தாயிற்று. பெற்றவளையும் எடுத்துக்கொண்டு பெயரையும் எடுத்துக்கொண்டாளே இந்தச் சிறுக்கி என்று மனது கொதித்தது.

“இது எப்ப வடிச்ச சோறு?” என்று கேட்டாள். தன் குரலே வேறு யாருடையதோபோல இருந்தது.

“நேத்து ராத்திரி வடிச்சது மேடம். தண்ணி ஊத்தி வச்சேன். நல்லா புளிச்சிருக்கு, வாசம் பாருங்க” என்று செவ்வந்தி சட்டியைப் பெருமையாகச் சாய்த்துக் காட்டினாள்.

கடைசியில் சிக்கிவிட்டது. முதல் நாள் சமைத்த உணவை மறுநாள் பரிமாறக் கூடாது என்று ஆய்வுப் படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பிரகதீஸ்வரி பேனாவைத் திறந்து, ‘முதல் நாள் மீந்த உணவு முதியோருக்கு வழங்கப்படுகிறது’ என்று நிதானமாக எழுதினாள். இதைப் படிக்கப்போகிற மேலதிகாரி எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். பழையது என்று அவருக்குத் தோன்றாது, ஊசிப்போன சோறு என்றுதான் தோன்றும். பதிவு நின்றுவிடும். இல்லத்தைப் பூட்டினால் அவரவர் பிள்ளை வீட்டுக்குப் போயாக வேண்டும். அம்மாவும் வந்தாக வேண்டும்.

எட்டிப் பார்த்த துரைராசுவின் முகம் செத்துப்போயிற்று. “மேடம், இது மீந்ததில்லீங்க. இதுக்குன்னே தனியா வடிக்கிறதுங்க. இட்லியும் இருக்கு, இவங்கதான் இத கேட்டு வாங்கிச் சாப்புடுறாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“நேத்து சமைச்சதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

தெரியாததா என்று கேட்டாரே, அதுதான் முள்ளாகக் குத்தியது. அவளும் இதைக் குடித்து வளர்ந்தவள்தான்.

இல்லவாசிகளிடம் குறை கேட்கும்போது ஊழியர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. துரைராசுவையும் செவ்வந்தியையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். முழங்கால் வலியைச் சொன்னார்கள், டிவியில் சத்தம் போதவில்லை என்றார்கள். கடைசியில் அம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் நாசூக்காக எழுந்து கை கழுவப் போனார்கள்.

“உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?”

ஞானாம்பாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “யாரு கேக்குறது? ஆபீசரா, எம்மவளா?”

“ஆபீசர்தான்.”

“அப்ப ஒரு குறையும் இல்லன்னு எழுதிக்க.”

“மக கேட்டா?”

“மவ இந்தக் கேள்விய வீட்டுல ஒருநாளும் கேக்கலியே.”

கேட்காமல் என்ன, மாத்திரை போட்டியா, கஞ்சி குடிச்சியா, கதவைச் சாத்தினியா என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன் என்றாள் பிரகதீஸ்வரி.

“அது செக்கிங்கு” என்றாள் அம்மா.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கேட்கவே கூடாது என்று இருந்ததைப் பிரகதீஸ்வரி கேட்டுவிட்டாள், அதுவும் அதிகாரி குரல் போய்ச் சின்னப் பிள்ளைக் குரலில். “அவள மட்டும் ஆயிங்கிற.”

“கூப்புட்டா திரும்பிப் பாக்குறா” என்றாள் ஞானாம்பாள்.

அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பரிமாறப்படும் உணவை ஆய்வு அலுவலர் ருசி பார்க்க வேண்டும். செவ்வந்தியை அழைத்தாள். வந்தவளுக்கு எழுதினது தெரிந்திருந்தது, உள்ளே துரைராசு சொல்லியிருப்பார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் அடியில் கிடந்த சோற்றைக் கரைத்து, உப்புப் போட்டு, கிண்ணம் நிறைய ஊற்றி நீட்டினாள். நின்றுகொண்டே குடிக்க என்னவோபோல இருந்தது. பிரகதீஸ்வரி படிவத்தைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். செவ்வந்தி வெங்காயத் தட்டை முன்னால் வைத்துவிட்டு அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

ஒரு வாய் குடித்தாள். புளிப்பு நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. ஒரு குறை சொல்ல வேண்டுமே என்று இன்னொரு வாய் குடித்தாள். குறையே இல்லை. இவள் கைக்கு இவ்வளவு பக்குவம் எங்கிருந்து வந்தது என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடேயே கிண்ணத்தைக் காலி பண்ணினாள். மீந்த உணவு என்று எழுதிய வரி காலடியில் கிடந்தது. அதன் கீழே கையெழுத்து இன்னும் போடவில்லை.

ஞானாம்பாள் தன் கிண்ணத்தைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஆயி, அந்த வெங்காயத்த இப்புடி எடு.”

வெங்காயத் தட்டின் இந்த விளிம்பில் ஒரு கையும் அந்த விளிம்பில் ஒரு கையும் ஒரே நேரத்தில் விழுந்தன. இரண்டும் விடவில்லை.