டாக்டரின் ஒலிப்பதிவு அறைக்குப் போன ஏசி

1

இந்தக் கதை கொலம்பியாவின் பார்ரான்கீயா நகரில் என் பக்கத்து வீட்டுக்காரி நூரிஸுக்கு நடந்தது. முட்டை வைத்துப் பொரித்த அரேபா என்கிற சோள அடையைத் தின்றபடியே சொன்னாள். ஒரே நிபந்தனை: "என்னை அழுமூஞ்சியா எழுதிடாதீங்க."

"சரிந்துகொண்டிருந்த நிறுவனத்தின் கண்ணாடிச் சுவரில் மாலைச் சூரியன்..." என்று தொடங்கினேன். வேண்டாம். சூரியனுக்கு இந்த ஊரில் வேறு வேலை இருக்கிறது.

2

மருத்துவமனைகளுக்கு முன்பதிவுச் செயலி நடத்தும் நிறுவனம் அது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். தலைவர் எவாரிஸ்தோவை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். (அவர் எதற்கும் டாக்டர் இல்லை. இங்கே கோட்டு போட்டால் போதும்.) நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அவர் கண்ட வழி, ஊழியர்களுக்குத் தினமும் நேரலையில் ஊக்க உரை ஆற்றுவது. அதற்காக ஒலி புகாத அறை ஒன்று கட்டினார். அறை புழுங்கியது. சர்வர் அறை ஏசியைக் கழற்றி அங்கே மாட்டச் சொன்னார்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் நூரிஸ். "டாக்டர், மெஷினெல்லாம் வெந்துடும்."

"ஃபேன் வெச்சுக்கோம்மா. எதுக்கெடுத்தாலும் முடியாதுன்னா எப்படி முன்னேறுறது?"

வெந்துவிட்டன. மருத்துவமனை வாசல்களில் நோயாளிகள் வெயிலில் நின்றார்கள். யாருக்கு எப்போது முறை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

3

(இந்த இடத்தில் டாக்டரைக் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். 'அவருக்கும் ஒரு தாய்...' என்று எழுதி நிறுத்திவிட்டேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

அவர் நூரிஸை ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டார். "இன்னிக்கு நேரலையில நீயும் பேசணும். தப்பு ஒஸ்னைடர் மேலன்னு சொல்லிடு. அவனுக்கு வேற வேலை கிடைக்கும்."

ஒஸ்னைடர் அவளோடு வேலை பார்ப்பவன். அப்போதுதான் அப்பாவாகியிருந்தான்.

முடிவு ஒன்று: நூரிஸ் உண்மையை முழங்குகிறாள், டாக்டர் பதவி விலகுகிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவு இரண்டு: அவள் பொய் சொல்கிறாள். இதற்குக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். நேரலை தொடங்கியதும் நூரிஸ் ஏசியை அணைத்து, ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "என்ன நடந்துச்சுன்னு நிதானமா விளக்கறேன்" என்று, கணினி என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் டையைத் தளர்த்தினார். கோட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சுருக்கமா சொல்லும்மா."

"இப்பதானே டாக்டர் ஆரம்பிச்சிருக்கேன்."

கடைசியில் மைக் திறந்திருப்பதையே மறந்து கத்தினார்: "அந்த ஏசியைப் போட்டுத் தொலை! இந்தச் சூட்டுல எவன் வேலை செய்வான்?"

அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"மெஷினும் அதையேதான் சொல்லுச்சு டாக்டர்."

4

ஒஸ்னைடர் தப்பினான். நூரிஸுக்கு வேலை போனது. கொஞ்ச நாளில் நிறுவனமும் போனது. இங்கே முற்றும் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போனேன். நூரிஸ் கதவைத் தட்டினாள்.

டாக்டர் புது நிறுவனம் தொடங்கிவிட்டாராம். அதே மருத்துவமனைகள். ஒஸ்னைடர் முதல் ஆளாகச் சேர்ந்துவிட்டான். அவன்தான் போனில்.

"அக்கா, வந்துருங்க. இந்தத் தடவை ரெண்டு ஏசி!"

"ரெண்டும் எந்த ரூம்லடா?"

"சம்பளம் நல்லாருக்கு அக்கா."

நூரிஸ் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதானே எழுதறீங்க? நான் என்ன சொல்றேன்?"

'மாட்டேன்' என்று எழுதினேன். மூன்று மாதமாக அவளுக்கு வேலை இல்லை, கோடு போட்டு அடித்தேன். 'வரேன்' என்று எழுதினேன். வெயிலில் நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள், அதையும் அடித்தேன். பேனாவை அவளிடமே நீட்டினேன். வாங்கவில்லை.

ஒஸ்னைடர் இன்னும் லைனில்தான் இருக்கிறான். படிக்கிற உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? இந்தாருங்கள் பேனா.